ரொட்டிக் கடனுக்கு இரண்டு வெர்மீர்: ஓவியங்கள் பற்றிய வாசகர் கேள்வி–பதில்

ஐரோப்பிய ஓவியர்களைப் பற்றிச் சில மாதங்களாகவே கேள்விகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பதில் சொல்வதைவிட ஒரே இதழில் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளைப் பற்றிய கேள்விகள். அந்தக் கதைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கடிதம், ரசீது, நீதிமன்றப் பதிவு என்று எழுத்தில் கிடைக்கிற உண்மைக் கதைகள் அவற்றைவிட நெஞ்சைத் தொடுகின்றன, அவற்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த என் மகன், "சின்னப் படம்ப்பா, கூட்டம்தான் பெருசு" என்கிறான். மோனாலிசாவில் அப்படி என்னதான் இருக்கிறது?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி*

உங்கள் மகன் சொன்னது சரிதான். 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம், ஒரு பாப்லர் மரப் பலகை, அவ்வளவுதான். படத்தில் இருப்பவர் லிசா கெரார்தினி, ஃபிளாரன்ஸ் நகரத்துப் பட்டு வியாபாரி பிரான்செஸ்கோ டெல் ஜியோகோண்டோவின் மனைவி. லியனார்டோ தன்னையே பெண்ணாக வரைந்துகொண்டார், அது இது என்று வரும் செய்திகளை விட்டுவிடுங்கள். 1503 அக்டோபரில் அகோஸ்டினோ வெஸ்புச்சி என்ற ஃபிளாரன்ஸ் அரசு எழுத்தர், தான் படித்துக்கொண்டிருந்த சிசரோ புத்தகத்தின் ஓரத்தில், லியனார்டோ இப்போது லிசா டெல் ஜியோகோண்டோவை வரைந்துகொண்டிருக்கிறார் என்று குறித்து வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பு 2005-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் கண்ணில் பட்டது. படம்தான் அந்த வியாபாரி வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. லியனார்டோ அதைக் கடைசிவரை தன்னோடே வைத்திருந்தார், 1516-இல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் அழைத்தபோது அங்கேயும் கொண்டு போனார், 1519-இல் அங்கேயே இறந்தார். படம் அரசக் கருவூலத்துக்குப் போயிற்று.

கூட்டத்துக்கு வேறு கதை இருக்கிறது. 1911 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை, லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாள். வின்சென்சோ பெரூஜா என்ற இத்தாலியத் தொழிலாளி, முன்பு அதே அருங்காட்சியகத்தில் படங்களுக்குக் கண்ணாடி போடும் வேலை செய்தவர், ஊழியர்கள் போடுகிற வெள்ளை மேலங்கியோடு உள்ளே நடந்து, படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, சட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் நண்பகல்வரை யாருக்கும் தெரியவில்லை. காலியாக இருந்த இடத்தைப் பார்த்த காவலர்கள், போட்டோ எடுக்கக் கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். விஷயம் வெளியே வந்ததும் உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றின் முதல் பக்கத்திலும் அந்த முகம். கவிஞர் அப்போலினேர் சில நாள் சிறையில் இருந்தார், பிக்காசோவைக்கூடக் கூப்பிட்டு விசாரித்தார்கள். லூவ்ர் மறுபடி திறந்தபோது ஜனங்கள் வரிசையில் நின்று, படம் இல்லாத வெற்றுச் சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் அது பாரிஸில் பெரூஜாவின் அறையில், ஒரு பெட்டிக்குள் கிடந்தது. 1913 டிசம்பரில் ஃபிளாரன்ஸில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் விற்கப் போய் மாட்டிக்கொண்டார். நெப்போலியன் திருடிக்கொண்டு போனதைத் தாய்நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன் என்று சொன்னார். நெப்போலியன் அதை இத்தாலியிலிருந்து எடுத்துப் போகவே இல்லை என்பது மேலே சொன்னதிலிருந்தே தெரியும். அதற்கு முன்னாலும் எழுத்தாளர்களும் ஓவியர்களும் அந்தப் படத்தைக் கொண்டாடினார்கள். தெருவில் போகிறவர்களுக்கும் தெரிந்த முகமாக அதை ஆக்கியது அந்தத் திருட்டு. இதை வைத்துப் படம் ஒன்றுமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். உதட்டின் ஓரத்தையும் கண்ணின் ஓரத்தையும் நல்ல பிரதியில் பெரிதாக்கிப் பாருங்கள், அங்கே கோடே கிடையாது. புகை மாதிரி மெல்லிய வண்ணப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிழலாகின்றன. சிரிக்கிறாளா இல்லையா என்று முடிவு சொல்லமுடியாமல் நாம் தவிப்பதற்கு அதுதான் காரணம்.

முத்துக் காதணி அணிந்த பெண் படத்தில் இருக்கும் முத்து எங்கள் ஊர் முத்தா? டச்சுக்காரர்கள் இங்கே இருந்தார்களே என்று கேட்கிறேன்.
*கல்லூரி மாணவி, தூத்துக்குடி*

ரொம்ப நல்ல கேள்வி. வெர்மீர் அதை வரைந்தது 1665 வாக்கில். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தது 1658-இல், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு அதோடு அவர்கள் கைக்குப் போயிற்று. வெர்மீரின் ஊரான டெல்ஃப்டில் அந்தக் கம்பெனிக்கு ஒரு கிளையே இருந்தது. ஆகவே உங்கள் ஊர்க் கடலின் முத்து அந்த ஊர்க் கடைவீதிக்கு வந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் படத்தில் இருப்பது முத்தேதானா என்பதே கேள்வி. அவ்வளவு பெரிய முத்து எளிதில் கிடைக்காது. வெர்மீர் அதை வரைந்திருப்பதும் மேலே ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே சட்டைக் காலரின் வெளிச்சம் பட்டு ஒரு மங்கல், அவ்வளவுதான். காதில் மாட்டும் கொக்கிகூட இல்லை. மிச்சத்தை நம் கண் போட்டுக்கொள்கிறது.

அந்தப் பெண் யார் என்று தேடுவதும் வீண். அந்தக் காலத்து ஹாலந்தில், குறிப்பிட்ட யாருமில்லாத முகத்தை, வித்தியாசமான உடையோடோ பாவத்தோடோ வரைந்து விற்பது ஒரு வழக்கம். இதுவும் அந்த வகைதான். தலைப்பாகையின் நீலம் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசுலி என்ற கல்லை அரைத்து எடுத்தது, அன்றைக்கு மிக விலை உயர்ந்த வண்ணங்களில் ஒன்று. கறுப்பாகத் தெரியும் பின்னணி முதலில் ஒரு பச்சைத் திரையாக இருந்தது, கண்களுக்கு மெல்லிய இமை முடிகளும் இருந்தன என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவ்வளவு விலை உயர்ந்த நீலத்தை வாங்கிக் குழைத்த மனிதர் கடனில் செத்தார் என்பதுதான் எனக்குத் தாங்காது. 1672-இல் பிரான்ஸ் படையெடுத்ததும் ஹாலந்தில் படம் வாங்குவார் இல்லை. 1675 டிசம்பரில், 43 வயதில், ஒன்றிரண்டு நாளில் ஆள் போய்விட்டார். 11 பிள்ளைகள். மனைவி கத்தரினா, ரொட்டிக் கடைக்காரர் வான் பெய்ட்டனுக்கு 600 கில்டருக்கு மேல் நின்ற பாக்கிக்காகக் கணவரின் இரண்டு படங்களைக் கொடுத்தார். இன்று உலகத்தில் மொத்தமே முப்பத்தைந்து சொச்சம் வெர்மீர் படங்கள்தான் இருக்கின்றன. நீங்கள் கேட்ட படம் 1881-இல் ஹேக் நகரத்து ஏலத்தில் இரண்டு கில்டருக்கும் கொஞ்சம் சில்லறைக்கும் போயிற்று. வாங்கியவர் இறக்கும்போது அதே ஊர் மொரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார்.

போலி ஓவியத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நிபுணர்களே ஏமாந்ததுண்டா?
*நகைக்கடை ஊழியர், கோவை*

வெர்மீர் பெயரிலேயே ஏமாந்திருக்கிறார்கள். ஹான் வான் மேகெரென் என்ற டச்சு ஓவியர், தன் சொந்தப் படங்களை விமர்சகர்கள் மதிக்கவில்லை என்ற வெறுப்பில், பிரான்சின் தெற்குக் கரையில் ஒரு வீட்டில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் சோதனை செய்தார். பதினேழாம் நூற்றாண்டுப் பழைய படம் ஒன்றை வாங்கி அதன் வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்தத் துணியிலேயே வரைவது, எண்ணெய்க்குப் பதிலாகப் பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்குக்கான ரசாயனத்தை வண்ணத்தில் கலப்பது, படத்தை அடுப்பில் வைத்துச் சுட்டு இறுக்குவது, உருளையில் சுற்றி வெடிப்பு விழவைத்து வெடிப்புக்குள் மையை ஏற்றுவது என்று எல்லாம் கைவந்துவிட்டது. எம்மாவூஸில் ஏசு உணவருந்தும் காட்சியை அப்படி வரைந்தார். வெர்மீர் விஷயத்தில் கடைசிச் சொல் என்று மதிக்கப்பட்ட ஆபிரகாம் பிரேடியஸ், 1937-இல் அதை வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்றே எழுதினார். ராட்டர்டாம் அருங்காட்சியகம் பெரும் பணத்துக்கு வாங்கி மாட்டியது.

அப்புறம் போர் வந்தது. இன்னொரு 'வெர்மீர்' இடைத்தரகர்கள் வழியாக ஹிட்லரின் அமைச்சர் ஹெர்மன் கோரிங்கிடமே போயிற்று. 1945 மே மாதம், நாட்டின் பொக்கிஷத்தை நாஜிக்கு விற்ற துரோகி என்று வான் மேகெரெனைக் கைது செய்தார்கள். மரண தண்டனைகூடக் கிடைக்கலாம் என்ற நிலையில் அவர் சொன்னது, அது வெர்மீரே இல்லை, நான் வரைந்தது என்பதுதான். நம்பாதவர்கள் முன்னால், காவலில் இருந்தபடியே இன்னொரு 'வெர்மீரை' வரைந்து காட்டினார். 1947 நவம்பரில் ஒரு வருஷ தண்டனை. அதை அனுபவிக்கும் முன்பே டிசம்பர் 30-இல் மாரடைப்பில் இறந்தார்.

கோரிங்கை ஏமாற்றிய வீரன் என்று ஹாலந்து மக்கள் அவரைக் கொண்டாடினார்கள், இன்றும் இணையத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் ஹிட்லருக்குப் புகழ்ச்சி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிய தன் படத் தொகுப்பு பெர்லினில் கிடைத்திருக்கிறது. நாடு பசியில் கிடந்த வருஷங்களில் அவர் வீடுகளாக வாங்கிக் குவித்தார்.

கண்டுபிடிக்கும் முறை கேட்டீர்கள். இந்தப் படங்களிலேயே 1960-களின் இறுதியில் ஒரு நல்ல சோதனை நடந்தது. வெள்ளை வண்ணத்துக்கு ஈயம் பயன்படும். தாதுவிலிருந்து புதிதாகப் பிரித்தெடுத்த ஈயத்தில் ஒரு கதிரியக்க வகை கலந்திருக்கும், அது சுமார் 22 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். 300 வருஷப் பழைய வண்ணத்தில் அது ஏறக்குறைய அடங்கியிருக்க வேண்டும். வான் மேகெரென் வண்ணத்தில் அடங்கவில்லை. தங்கத்தை உரசிப் பார்க்கிற உங்களுக்கு இது உடனே புரியும்.

மைக்கலாஞ்சலோ நான்கு வருஷம் மல்லாந்து படுத்தபடியே வாடிகன் சிஸ்டைன் தேவாலயக் கூரையை வரைந்தாராமே?
*பெயின்டிங் கான்ட்ராக்டர், ஈரோடு*

படுக்கவில்லை, நின்றுதான் வரைந்தார். அவரே சாட்சி சொல்லியிருக்கிறார். பிஸ்டோயாவைச் சேர்ந்த ஜியோவானி என்ற நண்பருக்கு ஒரு கவிதை எழுதி, ஓரத்தில் சின்னதாகப் படமும் போட்டிருக்கிறார்: ஒரு மனிதர் நின்றபடி, தலையை அண்ணாந்து, கையை மேலே நீட்டி வரைகிறார். லம்பார்டிப் பூனைகளுக்கு வருகிற மாதிரி எனக்குக் கழுத்தில் கழலை வந்துவிட்டது, தாடி வானத்தைப் பார்க்கிறது, தூரிகை சொட்டிச் சொட்டி முகமே வண்ணத் தரையாகிவிட்டது என்று எழுதிக்கொண்டே போய், கடைசியில் நான் ஓவியனே இல்லை என்று முடிக்கிறார். உண்மையாகவே அவர் தன்னைச் சிற்பி என்றுதான் நினைத்தார். போப் இரண்டாம் ஜூலியஸ் 1508-இல் இந்த வேலையைத் தலையில் கட்டினார். முதலில் கேட்டது பன்னிரண்டு சீடர்கள் மட்டும், வரைந்து முடித்தது 300-க்கும் மேற்பட்ட உருவங்கள்.

உங்களுக்குத் தொழில் தெரியும் என்பதால் ஒன்று சொல்கிறேன். இது ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் வரைகிற வேலை. அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் காலையில் பூச வேண்டும், காய்வதற்குள் முடிக்க வேண்டும், தப்பானால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். தரையிலிருந்து 20 மீட்டர் உயரத்தில். ஆரம்பத்தில் கலவையில் தண்ணீர் அதிகமாகி பூஞ்சை பூத்துவிட்டது, கட்டடக் கலைஞர் சங்கல்லோ வந்து வழி சொன்ன பிறகுதான் சரியாயிற்று. 1512 அக்டோபர் கடைசியில் திறந்து காட்டினார்கள். அதற்குப் பிறகும் பல மாதம் கடிதம் வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் அவரால் படிக்க முடிந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதிய வசாரி சொல்லியிருக்கிறார்.

வான்கோ வாழ்நாளில் ஒரே ஒரு படம்தான் விற்றார், காதலிக்காகக் காதை அறுத்துக் கொடுத்தார். இவை உண்மையா? செத்தபிறகு அவரை உலகம் எப்படிக் கண்டுகொண்டது?
*ஐ.டி. ஊழியர், சென்னை*

காது விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1888 டிசம்பர் 23, ஆர்ல் ஊரில், இரண்டு மாதமாகத் தன்னோடு தங்கியிருந்த ஓவியர் கோகானோடு பெரிய சண்டை; அந்த இரவு மனநிலை முற்றிலும் குலைந்த ஒரு நோயாளி தன்னையே காயப்படுத்திக்கொண்டார். இதில் காதல் கதை ஏதும் இல்லை. நோயைக் காதலாக்கிச் சொல்வது அவருக்கும் நல்லதல்ல, அந்த நிலையில் இருக்கிற இன்றைய பிள்ளைகளுக்கும் நல்லதல்ல.

ஒரே படம் என்பதும் அப்படியே சரியில்லை. 1882-இலேயே அவருடைய சித்தப்பா ஹேக் நகரக் காட்சிகளைப் பணம் கொடுத்து வரையச் சொன்னார். எல்லோரும் குறிப்பிடுகிற விற்பனை 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்', 1890-இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் 400 பிராங்குக்கு அன்னா போக் என்ற ஓவியர் வாங்கினார். ஆனால் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பத்தே வருஷத்தில் 800-க்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ணப் படங்கள் வரைந்த மனிதருக்கு வண்ணமும் துணியும் வாடகையும் சாப்பாடும் தம்பி தியோ அனுப்பிய பணம்தான்.

வின்சென்ட் 1890 ஜூலை 29-இல் இறந்தார். ஆறே மாதத்தில், 1891 ஜனவரி 25-இல், தியோவும் இறந்தார், 33 வயது. இந்த இடத்தில்தான் எல்லோரும் கதையை நிறுத்திவிட்டு, பிறகு உலகம் புரிந்துகொண்டது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். உலகம் தானாக ஒன்றையும் புரிந்துகொள்ளவில்லை. தியோவின் மனைவி யோஹன்னா, வீட்டில் யோ, அப்போது 28 வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை, கையில் ஒரு வயதுக் குழந்தை. அந்தக் குழந்தைக்குப் பெரியப்பாவின் பெயர்தான், வின்சென்ட். அவன் பிறந்ததற்காகப் பெரியப்பா வரைந்து அனுப்பியதுதான் நீல வானத்தில் பூத்து நிற்கிற அந்த வாதுமைக் கிளைகள். பாரிஸ் வீடு முழுக்க யாரும் கேட்காத நூற்றுக்கணக்கான படங்கள், அலமாரியில் வின்சென்ட் தம்பிக்கு எழுதிய 600-க்கும் மேற்பட்ட கடிதங்கள்.

யோ அவற்றை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஹாலந்தில் புஸ்ஸும் என்ற ஊருக்கு வந்தார். பிழைப்புக்கு விருந்தினர் தங்கும் விடுதி நடத்தினார், முன்பு ஆங்கில ஆசிரியை என்பதால் கதைகளை மொழிபெயர்த்தும் கொஞ்சம் சம்பாதித்தார். விடுதிச் சுவர்களில் வின்சென்ட்டின் படங்களை மாட்டினார். இரவில் கடிதங்களை உட்கார்ந்து படித்து அடுக்கினார். குழந்தையோடு சேர்த்து தியோ எனக்கு இன்னொரு பொறுப்பையும் விட்டுப் போயிருக்கிறார், அது வின்சென்ட்டின் படைப்புகள் என்று நாட்குறிப்பில் எழுதினார். இந்த அம்மாவுக்கு ஓவியம் பற்றி என்ன தெரியும் என்ற தொனியில் பேசியவர்களும் உண்டு. அவர் விமர்சகர்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார், கண்காட்சிகளுக்குப் படங்களை அனுப்பினார், எதை எங்கே விற்பது எதை விற்கவே கூடாது என்று கணக்குப் புத்தகம் வைத்து நடத்தினார். 1905-இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தின் கூடங்களைத் தானே வாடகைக்கு எடுத்து 480-க்கும் மேற்பட்ட படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். 1914-இல் கடிதங்கள் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. அதே வருஷம் தியோவின் எலும்புகளை ஊட்ரெக்டிலிருந்து எடுத்துப் போய் பிரான்சில் ஓவேர் ஊரில் அண்ணனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

லண்டன் தேசியக் காட்சியகம் சூரியகாந்திப் படம் ஒன்றைக் கேட்டபோது முதலில் முடியாது என்றுவிட்டார், தினமும் பார்த்துக்கொண்டிருந்த படம் அது. பிறகு 1924-இல், வின்சென்ட்டின் பெயருக்காக இந்தத் தியாகத்தைச் செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். மறுவருஷம் இறந்தார், அப்போதும் கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். ஆம்ஸ்டர்டாமில் 1973-இல் திறந்த வான்கோ அருங்காட்சியகத்தில் இருப்பது பெரும்பாலும் அந்தக் குழந்தை, பின்னாளில் பொறியாளர் ஆனவர், காப்பாற்றிக் கொடுத்த குடும்பச் சொத்து. அடுத்தமுறை வான்கோ பற்றிப் பேசும்போது யோவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூங்கின் 'அலறல்' படத்தில் அந்த உருவம் எதைப் பார்த்து அலறுகிறது?
*பிளஸ் டூ மாணவர், தஞ்சாவூர்*

தம்பி, அது அலறவில்லை, காதைப் பொத்திக்கொள்கிறது. இரண்டு நண்பர்களோடு நடந்துகொண்டிருந்தேன், சூரியன் மறையும் நேரம், வானம் ரத்தச் சிவப்பாயிற்று, இயற்கையின் ஊடே முடிவில்லாத ஒரு அலறல் போவதை உணர்ந்தேன் என்று எட்வர்ட் மூங்க் எழுதியிருக்கிறார். பின்னால் நடந்து போகிற இரண்டு பேரையும் படத்தில் பார்க்கலாம். 1893-இல் வரைந்த அந்தப் படத்தின் மேல் மூலையில் பென்சிலால் பொடி எழுத்தில், இதை ஒரு பைத்தியக்காரன்தான் வரைந்திருக்க முடியும் என்று ஒரு வரி இருக்கிறது. யாரோ கிறுக்கியது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். மூங்கின் கையெழுத்தேதான் என்று 2021-இல் உறுதி செய்தார்கள்.

பழைய ஐரோப்பிய ஓவியர்களில் பெண்களே இல்லையா?
*இல்லத்தரசி, சேலம்*

இருந்தார்கள். ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆர்ட்டிமீசியா ஜென்டிலெஸ்கி, 1593-இல் ரோமில் பிறந்தவர், அப்பா ஒராசியோவும் ஓவியர். 17 வயதில் அப்பாவின் சக ஓவியர் அகோஸ்டினோ டாசி அவரைப் பலாத்காரம் செய்தான். 1612-இல் வழக்கு ஏழு மாதம் நடந்தது, அந்தப் பதிவுகள் இன்றும் ரோம் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவள் சொல்வது உண்மையா என்று சோதிக்க அவள் விரல்களில் கயிற்றைச் சுற்றி இறுக்கினார்கள், ஓவியம் வரைகிற விரல்கள். அப்போது அவள் டாசியைப் பார்த்து, நீ எனக்குப் போடும் மோதிரம் இதுதானா, நீ தந்த வாக்கு இதுதானா என்று கேட்டாள். அவனுக்கு ரோமை விட்டு வெளியேறும் தண்டனை கிடைத்தது, நடைமுறையில் அதையும் அவன் அனுபவிக்கவில்லை.

யூதித் என்ற பெண் எதிரித் தளபதி ஹோலோஃபெர்னஸின் தலையை அறுக்கும் பைபிள் காட்சியை ஆர்ட்டிமீசியா இரண்டு முறை வரைந்தார், ஒன்று நேப்பிள்ஸில் இருக்கிறது, இன்னொன்று ஃபிளாரன்ஸ் உஃபிஸியில். இதே காட்சியைக் காரவாஜியோ வரைந்தபோது யூதித் கை நீட்டி அறுத்தாலும் முகம் சுளித்துப் பின்வாங்குவாள், வேலைக்காரி ஓரமாக நின்று பார்ப்பாள். ஆர்ட்டிமீசியாவின் யூதித் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முழு பலத்தோடு அறுக்கிறாள், வேலைக்காரியும் அவனை அமுக்கிப் பிடித்திருக்கிறாள். ஒரு கனத்த ஆம்பிளையை மடக்க இரண்டு பெண்களுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று யோசித்து வரைந்தவர் அவர் ஒருவர்தான்.

இதைப் பழிவாங்கல் என்று மட்டும் எழுதுகிறார்கள். எனக்கு அது குறைத்துச் சொல்வதாகவே படுகிறது. 1616-இல் ஃபிளாரன்ஸ் ஓவியக் கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண் அவர், கலிலியோவோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர், நாற்பது வருஷம் தூரிகையை நம்பிப் பிழைத்தவர். தன் வாடிக்கையாளர் ஒருவருக்கு 1649-இல், இந்தப் பெண்ணின் ஆன்மாவுக்குள் ஒரு சீசரின் தைரியத்தைக் காண்பீர்கள் என்று எழுதியிருக்கிறார்.

ஓர் ஓவியம் அரசாங்கத்தையே சங்கடப்படுத்தியதுண்டா? பிக்காசோவின் குவெர்னிகா தவிர்த்துச் சொல்லவும்.
*பத்திரிகையாளர், திருச்சி*

தியோடர் ஜெரிகோவின் 'மெடூசாவின் தெப்பம்'. 1816 ஜூலை 2-ஆம் தேதி செனகலுக்குப் போய்க்கொண்டிருந்த மெடூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் ஆப்பிரிக்கக் கரையோர மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. கேப்டன் சோமரே இருபது வருஷமாகக் கப்பலே ஓட்டாதவர், மன்னர் கட்சிக்கு விசுவாசமானவர் என்பதற்காகப் பதவி வாங்கியவர். படகுகள் போதவில்லை. மரங்களைக் கட்டி ஒரு தெப்பம் செய்து 147 பேரை அதில் ஏற்றினார்கள். படகுகள் கயிறு கட்டி இழுத்துப் போவதாகப் பேச்சு, கொஞ்ச தூரத்தில் கயிறு அவிழ்ந்தது, படகுகள் போய்விட்டன. 13 நாள். முதல் இரவே பலரை அலை கொண்டு போயிற்று, அப்புறம் அடிதடி, தாகம், கடைசியில் மனித மாமிசம். ஆர்கஸ் என்ற கப்பல் கண்டெடுத்தபோது உயிரோடு இருந்தது 15 பேர். பிழைத்த மருத்துவர் சவிக்னியின் அறிக்கை பத்திரிகைக்குக் கசிந்ததும் நாடு கொதித்தது.

இதை வரைய உட்கார்ந்தபோது ஜெரிகோவுக்கு இருபத்தேழு வயது. தலையை மொட்டையடித்துக்கொண்டு, வெளியே போகாமல், எட்டு மாதம் இதே வேலையாக இருந்தார். பிழைத்தவர்களை வரவழைத்துக் கேட்டார், தெப்பத்தில் இருந்த தச்சரைக்கொண்டே அதன் மாதிரியைச் செய்யவைத்தார், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் சாகிறவர்களின் முகத்தையும் வெட்டியெடுத்த கை கால்களையும் வரைந்து பழகினார். படம் ஏழு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரம். முன்னால் குப்புறக் கிடக்கும் இளைஞனுக்கு மாதிரியாகப் படுத்தவர் நண்பர் டெலாக்ரா, பின்னாளில் அவரும் பெரிய ஓவியர். பிணங்களிலிருந்து தொடங்கும் உடல்கள் மேலே மேலே எழுந்து உச்சியில் ஒரு கறுப்பின மனிதரிடம் முடிகின்றன, அவர்தான் துணியை வீசுகிறார். அடிமை வியாபாரம் இன்னும் நடந்துகொண்டிருந்த காலத்தில் அந்த உச்சியை அவருக்குக் கொடுத்தார் ஜெரிகோ.

அடிவானத்தில் கடுகளவு ஒரு கப்பல் தெரிகிறது, தேடிப் பாருங்கள். அதுதான் ஆர்கஸ். ஆனால் ஜெரிகோ வரைந்திருப்பது காப்பாற்றப்பட்ட நேரத்தை அல்ல, அந்தக் கப்பல் இவர்களைப் பார்க்காமல் மறைந்துபோன முதல் தடவையை. அது திரும்பி வருமென்று தெப்பத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

1819-இல் பாரிஸ் கண்காட்சியில் 'ஒரு கப்பல் விபத்துக் காட்சி' என்று பொதுவான பெயரில் வைத்தார்கள், எந்தக் கப்பல் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அரசு அப்போது வாங்கவில்லை. 1824-இல் 32 வயதில் ஜெரிகோ இறந்த பிறகுதான் லூவ்ருக்கு வந்தது.

நம் நாட்டு ஓவியத்தைப் பார்த்து வரைந்த ஐரோப்பிய மேதை யாராவது உண்டா?
*சுவரோவியக் கலைஞர், காஞ்சிபுரம்*

ரெம்பிராண்ட். ஹாலந்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்காதவர், ஆனால் கம்பெனிக் கப்பல்களில் வந்த முகலாயச் சிற்றோவியங்கள் அவர் கைக்குக் கிடைத்திருந்தன. 1656-க்கும் 1661-க்கும் இடையில், அவர் திவாலாகி வீடும் சேகரிப்பும் ஏலத்துக்குப் போன அதே காலத்தில், ஜஹாங்கீர், ஷாஜகான் உருவங்களை ஆசியக் காகிதத்தில் மைக்கோடுகளாகப் பிரதி எடுத்தார். இருபதுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. மற்ற படங்களில் அள்ளித் தெளிக்கிற கை, இங்கே உடையின் மடிப்பையும் செருப்பின் முனையையும் அவ்வளவு பொறுமையாகப் பின்பற்றுகிறது. மரத்தடியில் நான்கு பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு படத்தை எடுத்து, அதே அமைப்பில் ஆபிரகாம் தேவதூதர்களுக்கு விருந்து வைக்கும் காட்சியைச் செப்புத் தகட்டில் பொறித்தார். நீங்கள் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விமானச் செலவு செய்ய முடியாதவர்கள் இவற்றை நல்ல முறையில் பார்க்க வழி உண்டா?
*ஆட்டோ ஓட்டுநர், மதுரை*

உண்டு, காசும் இல்லை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' படத்தை 717 கிகாபிக்சலில் போட்டோ எடுத்து 2022-இல் தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது, செல்போனிலேயே பெரிதாக்கிக்கொண்டு போனால் வண்ணத் துகள்வரை தெரியும். (அது இரவே இல்லை, பகல்தான். மேலே பூசிய வார்னிஷ் கறுத்துப்போய் அந்தப் பெயர் வந்தது. 1715-இல் வேறு கட்டடத்துக்கு மாற்றும்போது சுவரில் அடங்கவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள், வெட்டிய துண்டுகள் கிடைக்கவேயில்லை.) வான்கோவின் கடிதங்கள் மொத்தமும் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஓரத்தில் அவர் போட்ட சின்னச் சின்னப் படங்களோடு. ஆங்கிலம் சிரமம் என்றால் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, 1888 ஆகஸ்டில் ஆர்லிலிருந்து எழுதியவற்றில் தொடங்குங்கள். சூரியகாந்திகளை அவர் அந்த மாதம்தான் வரைந்துகொண்டிருந்தார்.